சேதி மாத்திரைக்குப் பிறகு

மனநல ஆஸ்பத்திரியின் அவசர வார்டில் யாரும் ஓடக் கூடாது. ஒருவர் ஓடினால் பத்துப் பேர் எழுந்து நிற்பார்கள், பத்துப் பேர் எழுந்தால் ஒருவர் கத்துவார், அதற்கப்புறம் நடப்பதைக் கடவுளே வந்தாலும் நிறுத்த முடியாது. அந்த வார்டின் தலைமை நர்ஸுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. தீப்பிடித்தது என்றாலும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு நடந்து வருகிற பிறவி அவள். அதனால் வார்டில் அவளுக்கு நிதானக்கா என்று பெயர். மாமியார் மட்டும் அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டதில்லை. இவள் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினால் அந்த ஜோடிக்குப் பிள்ளை பிறந்த பிறகுதான் போய்ச் சேருவாள் என்பது மாமியாரின் கணக்கு.

அப்பேர்ப்பட்ட நிதானக்காவுக்கு, சில நாட்களாக, வார்டுக் கதவில் சாவியைப் போடும்போதெல்லாம் கை நடுங்கியது. காரணம் எல்லோருக்கும் தெரியும், ஆனால் யாரும் வாய் திறப்பதில்லை. போன வருஷம் அவள் தாடையை உடைத்தவனை மறுபடியும் இங்கே கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள்.

அவன் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன். மாடிக் கட்டடங்களின் இருட்டுக் குழிக்குள் இறங்கி, கிரீஸ் பூசிய கம்பிக் கயிறுகளோடு மல்லுக்கட்டுகிற வேலை. விரல் ஒவ்வொன்றும் ஸ்பானர் மாதிரி இருக்கும். வார்டில் அவனை லிஃப்ட்காரன் என்பார்கள். உடம்பு சரியாக இருக்கும்போது அவனைப் போலச் சாது கிடையாது. மின்விசிறி சுற்றும் சத்தத்தைக் கேட்டே எது இன்னும் எத்தனை நாள் ஓடும் என்று சொல்லிவிடுவான். நோய் ஏறினால்தான் வம்பு. தூக்கம் போய்விடும். சுற்றியிருக்கிறவர்கள் எல்லோரும் கூடிப் பேசி வைத்துக்கொண்டு தன்னிடம் எதையோ மறைக்கிறார்கள் என்று தோன்ற ஆரம்பிக்கும்.

நிதானக்கா இந்த வேலையைப் பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே பழகத் தொடங்கிவிட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். அவளுடைய அப்பா குடிப்பார். ராத்திரி அவர் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றும் சத்தத்தை வைத்தே அன்றைய நிலவரத்தைச் சொல்லிவிடுவாள். ஒரே தடவையில் ஏறிவிட்டால் உட்கார்ந்து பாடம் படிக்கலாம். இரண்டு தடவை வழுக்கி அப்புறம் ஏறினால், புத்தகத்தை மூடிவிட்டுத் தம்பியை இழுத்துக்கொண்டு பின்வாசல் பக்கம் போய்விட வேண்டும். அம்மாவுக்கு ஒரு சட்டம் இருந்தது. கெட்ட சேதி எதுவானாலும் அப்பா சாப்பிட்டு முடித்த பிறகுதான். தம்பி பரீட்சையில் கோட்டை விட்டதும் சரி, வீட்டுக்காரர் வீட்டைக் காலி பண்ணச் சொன்னதும் சரி, அவர் கை கழுவும் வரை யாரும் மூச்சு விடக் கூடாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு, எல்லோரும் சிரித்த முகமாகப் பரிமாறுவார்கள். சில நாள் அது பலித்தது. பலிக்காத நாட்களில் தட்டு பறந்தது. தட்டு பறந்ததற்குக் குடிதான் காரணம் என்று அவள் அந்த வயதிலேயே முடிவு கட்டிவிட்டாள்.

நர்ஸிங் முடித்ததும், மற்றவர்கள் தலைதெறிக்க ஓடிய இந்த வார்டை அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். வந்த இடத்தில் அவளுக்கு இணை இல்லை என்று ஆயிற்று. சட்டைக் கையை ஒருவர் மடித்துவிட்டாலோ, சாப்பாட்டுத் தட்டைத் தொடாமல் தள்ளி வைத்தாலோ, ஓயாமல் பேசுகிறவர் வாயை மூடிக்கொண்டாலோ அவளுக்குத் தெரிந்துவிடும். மெதுவாக நடந்து போவாள். நேருக்கு நேர் நிற்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பாள். கதவை மறைக்க மாட்டாள், வெளியே போகிற வழி எப்போதும் அவர்களுக்குத் திறந்திருக்க வேண்டும். கை இரண்டும் வெளியே தெரியும். குரல் ஒரு படி கீழே இறங்கும். கம்மல், சங்கிலி எதையும் வார்டுக்குள் போட்டுக்கொண்டு வந்ததில்லை. ஓர அறையில் ஒரு கட்டில் உண்டு, அதன் நான்கு பக்கமும் துணிப் பட்டைகள் தொங்கும். கட்டுப்படாமல் போகிறவர்களை அதில்தான் கட்டுவார்கள். அவள் பொறுப்புக்கு வந்த பிறகு அந்தப் பட்டைகள் மாதக்கணக்கில் தூசி படிந்து கிடந்தன. அதில்தான் அவளுக்குப் பெருமை.

அம்மாவின் சட்டத்தையும் அவள் வார்டுக்குக் கொண்டுவந்தாள். வீட்டில் சாப்பாட்டுக்குப் பிறகு, இங்கே மாத்திரைக்குப் பிறகு, அவ்வளவுதான் வித்தியாசம். யாருக்காவது கெட்ட சேதி வந்தால், அடுத்த வேளை மாத்திரை உள்ளே போய் உடம்பு சற்று அடங்கிய பிறகுதான் சொல்ல வேண்டும். புதிதாக வருகிற நர்ஸுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. சேதி மாத்திரைக்குப் பிறகு. வார்டில் அது வேதவாக்கு.

போன வருஷம் அடி விழுந்த அன்றும் அவள் எல்லாவற்றையும் முறைப்படியேதான் செய்தாள். காலையில் லிஃப்ட்காரனின் மனைவி போன் செய்து, பெண்ணை அழைத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போகிறேன், அவர் கேட்டால் மெதுவாகச் சொல்லுங்கள் என்றாள். நிதானக்கா சேதியை மனசுக்குள் முடிந்து வைத்துக்கொண்டாள். மதியம் மாத்திரை கொடுக்கப் போனபோது, வீட்டிலிருந்து ஏதாவது சொன்னார்களா என்று அவன் கேட்டான். எல்லாம் நல்லபடிதான், முதலில் மாத்திரையைப் போடுங்கள் என்று சிரித்தபடி கையை நீட்டினாள். அடுத்து அவள் பார்த்தது வார்டின் கூரையைத்தான்.

தாடையைக் கம்பி வைத்துக் கட்டினார்கள். கணவர் எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்து, கூழாக்கி, உறிஞ்சு குழலோடு கொண்டுவந்து கொடுத்தார். மருமகள் வாயை மூடி இப்போதுதான் பார்க்கிறேன் என்று மாமியார் சிரித்துவிட்டு, சமையலறைக்குள் போய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். படுத்துக்கிடந்த நாட்களில் நிதானக்கா அந்த ஒரு மதியத்தை ஆயிரம் தடவை ஓட்டிப் பார்த்தாள். பக்கவாட்டில் நின்றேனா, நின்றேன். வழி விட்டேனா, விட்டேன். குரல் உயர்ந்ததா, இல்லை. அப்புறம் ஏன் அடித்தான்? நோய்க்கு ஏது காரணம் என்று கூட வேலை பார்க்கிறவர்கள் ஆறுதல் சொன்னார்கள். அந்த ஆறுதல்தான் அவளைக் கொன்றது. காரணமே இல்லாமல் அடி விழும் என்றால் அவளுக்குத் தெரிந்த வித்தை அத்தனையும் பொய். எவரும் எப்போது வேண்டுமானாலும் கை ஓங்கலாம், அவளுக்குத் தெரியாது. அந்தப் பயத்தோடுதான் அவள் திரும்ப வேலைக்கு வந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. கண் பிரிவில் ஒரு இடம் காலியாக இருக்கிறது, கேட்டு வாங்கிக்கொள் என்று கணவர் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். எனக்கு என்ன, நன்றாகத்தானே இருக்கிறேன் என்று அவர் வாயை அடைத்துவிட்டாள்.

இந்த லட்சணத்தில்தான் லிஃப்ட்காரன் மறுபடியும் வந்தான். இடையில் பல மாதம் குணமாகி, மனைவியும் திரும்ப வந்து, வேலைக்கும் போய்க்கொண்டிருந்தவன். மாத்திரை போட்டால் கை நடுங்குகிறது, ஸ்பானர் நழுவுகிறது, ஒரு நாள் குழிக்குள் விழுந்திருப்பேன் என்று தானாகவே மாத்திரையை நிறுத்திவிட்டிருக்கிறான். அவன் வந்ததும் டாக்டர் எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னார். இன்னொரு தடவை அவன் யார் மேலாவது கை வைத்தால் ஊருக்கு வெளியே இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட வேண்டியதுதான். டாக்டர் கல் மனசுக்காரர் இல்லை. நிதானக்காவின் தாடையைப் பார்த்துவிட்டு, தலையைக் குனிந்தபடிதான் சொன்னார். அந்த ஆஸ்பத்திரியை ஊழியர்கள் பூட்டு ஆஸ்பத்திரி என்பார்கள். அங்கே போனவர்கள் வருஷக்கணக்கில் வெளியே வந்ததில்லை. சிலர் வரவே இல்லை.

ஆனால் இந்தத் தடவை மருந்து சீக்கிரம் பிடித்தது. அவன் தூங்கினான், சாப்பிட்டான், நிதானக்காவைக் கண்டால் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். பார்வையாளர் நாளன்று மனைவி வந்து டாக்டரிடம் பேசுவது, எல்லாம் சரியாக இருந்தால் அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்புவது என்று பேச்சு. அன்று காலை அவன் சவரம் செய்துகொண்டு, துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி கட்டிலில் உட்கார்ந்திருந்தான்.

நர்ஸ்கள் அறை வார்டின் நடுவில், நாலு பக்கமும் கண்ணாடியாக இருக்கும். அங்கே போன் அடித்தது. அவன் மனைவிதான்.

"சிஸ்டர், நான் இன்னைக்கு வரல. தப்பா நினைக்காதீங்க. அவரைப் பார்க்கவே பயமா இருக்கு. பொண்ணு தூக்கத்துல அலறிக்கிட்டு எழுந்திருக்கிறா. இன்னும் கொஞ்ச நாள் ஆகட்டும்."

நிதானக்கா கண்ணாடி வழியாகப் பார்த்தாள். அவன் தலையை வாரிக்கொண்டிருந்தான். முகம் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்று திரும்பி நின்று பேசி முடித்தாள். பிறகு பயில்வானைக் கூப்பிட்டுச் சொன்னாள். பயில்வான் வார்டு உதவியாளன். நிலை வாசல் அளவுக்கு ஆள், ஊசியைப் பார்த்தால் மட்டும் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வான். அவனுக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. மாத்திரைக்குப் பிறகுதானே அக்கா, என்று தலையாட்டிவிட்டுப் போனான். இந்தத் தடவை அவனுக்கு மதிய மாத்திரை கிடையாது, அடுத்த மாத்திரை சாயங்காலம். பார்வையாளர் நேரமோ மதியத்துக்கு மேல். நடுவில் இருந்த அந்த இடைவெளியைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

ரகசியம் அரை மணி நேரத்தில் வார்டு முழுக்கப் பரவியது. எல்லோரும் லிஃப்ட்காரனிடம் தேனாகப் பேச ஆரம்பித்தார்கள். காலை டீயோடு பயில்வான் அவனுக்குக் கூடுதலாக இரண்டு பிஸ்கட் வைத்தான். தரை துடைக்கிற அம்மா தினமும் அவனிடம் வம்பளக்கிறவள், அன்று குனிந்த தலை நிமிராமல் துடைத்துக்கொண்டு போனாள். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்க இரண்டு பேர் போனார்கள். அவன் பிஸ்கட்டைப் பார்த்தான், தண்ணீரைப் பார்த்தான், வந்த இரண்டு பேரையும் பார்த்தான். பிஸ்கட்டைத் தொடவில்லை.

மதியத்துக்கு மேல், கண்ணாடி அறையை ஒட்டியே இருந்த பார்வையாளர் அறையைத் திறந்தார்கள். தரையோடு பொருத்திய மேஜைகள், பிளாஸ்டிக் நாற்காலிகள், கம்பி வலை போட்ட ஜன்னல். மற்றவர்களுக்கு அம்மா வந்தாள், அண்ணன் வந்தான், மாமனார் வந்தார். லிஃப்ட்காரன் எதிரே ஒரு காலி நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கதவு திறக்கும்போதெல்லாம் அவன் தலை நிமிர்ந்தது. போகப் போக நிமிர்வதும் நின்றுவிட்டது. பயில்வான் பக்கத்தில் வந்தபோது, என் வீட்டிலிருந்து போன் வந்ததா என்று அமைதியாகக் கேட்டான். பொய் சொல்ல வராத ஜென்மம் பயில்வான். கூரையைப் பார்த்துக்கொண்டு, எனக்குத் தெரியாது சார், வந்துடுவாங்க சார் என்றான்.

லிஃப்ட்காரன் வலது கைச் சட்டையை முழங்கை வரை மடித்தான். பிறகு இடது கையை மடித்தான்.

அதற்குப் பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது. பக்கத்து வார்டிலிருந்து மூன்று ஆண்கள் வந்து நடைபாதையின் திருப்பத்தில் ஒளிந்து நின்றார்கள். ஊசி மருந்தை ஏற்றித் தட்டில் வைத்தார்கள். ஓர அறைக் கட்டிலின் பட்டைகளைத் தட்டிச் சரிபார்த்தார்கள். டாக்டருக்குச் சொல்லி அனுப்பினார்கள். பார்வையாளர்களை ஒவ்வொருவராக, சத்தமில்லாமல், தோளைத் தொட்டு வெளியே அழைத்து வந்தார்கள். அவர்கள் போவதையும் லிஃப்ட்காரன் பார்த்துக்கொண்டே இருந்தான். கடைசியில் அந்தப் பெரிய அறையில் அவனும் காலி நாற்காலியும் மட்டும் மிச்சம்.

நிதானக்கா கண்ணாடி அறைக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இனி நடக்கப்போவது அவளுக்கு மனப்பாடம். நாலு ஆண்கள் அந்தக் கதவு வழியாகப் போவார்கள். அவன் நாற்காலியைத் தூக்குவான். யாருக்காவது மண்டை உடையும். அவனைக் கட்டுவார்கள். நாளைக்கே பூட்டு ஆஸ்பத்திரி வண்டி வரும். அவன் பெண் வளர்ந்து பெரியவள் ஆகும் வரை அப்பாவைக் கம்பிக்குப் பின்னால்தான் பார்ப்பாள். இதைத் தடுக்க வேண்டிய ஆள் நிதானக்காதான். ஆனால் தாடை விண்ணென்று வலித்தது, கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. அவர்களே போகட்டும், எனக்கென்ன என்று ஒரு நிமிஷம் அவள் மனசாரவே நினைத்தாள்.

அப்போதுதான் அவன் எங்கே பார்க்கிறான் என்பது அவளுக்கு உறைத்தது. அவன் கதவைப் பார்க்கவில்லை. கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தான். பிறகு மேஜை மேல் இருந்த போனைப் பார்த்தான். மறுபடி அவளைப் பார்த்தான். இந்தப் பார்வை அவளுக்குத் தெரியும். தட்டு பறப்பதற்கு முன்னால் அப்பா இப்படித்தான் அம்மா முகத்தையும் தம்பி முகத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார். சிரித்துக்கொண்டு பரிமாறிய அந்த மூன்று முகத்தில் எது ஒளிந்திருக்கிறது என்று தேடுவார். குடித்தவருக்கும் முகம் படிக்கத் தெரியும் என்பது இத்தனை வருஷத்தில் அவளுக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

அவள் சாவியை எடுத்துக்கொண்டாள். ஆட்களைத் திருப்பத்துக்கு அந்தப் பக்கமே நிறுத்தும்படி பயில்வானிடம் சொன்னாள்.

"வேண்டாம் அக்கா. நீங்க போகாதீங்க. ஒரு தடவை தாடை உடைஞ்சது போதாதா?"

"கூப்பிட்டா வாங்க. கூப்பிடலன்னா யாரும் வரக் கூடாது."

அவள் வழக்கம்போல மெதுவாகத்தான் நடந்தாள். அன்று அதற்குக் காரணம் நிதானம் இல்லை, பயம். கதவை அகலத் திறந்து வைத்தாள். வழியை விட்டு ஒதுங்கிச் சுவரோரமாக நின்றாள். சிரிக்கவில்லை.

"உங்க வீட்டுல இருந்து போன் வந்துச்சு. காலையிலேயே வந்துச்சு. இன்னைக்கு வரலன்னு சொன்னாங்க. உங்ககிட்ட சொல்லாம வச்சிருந்தது நான்தான்."

அவன் எழுந்தான். காலி நாற்காலியின் முதுகைப் பிடித்தான். அதன் கால்கள் தரையை விட்டு எழும்பின.

"தெரியும்" என்றான். "கண்ணாடி வழியா பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். போனை எடுத்தீங்க. என்னைப் பார்த்தீங்க. முதுகைக் காட்டினீங்க." மூச்சு வாங்கினான். "போன வருஷமும் இப்படித்தான் முதுகைக் காட்டினீங்க. அப்புறம் சிரிச்சுக்கிட்டே வந்து எல்லாம் நல்லபடிதான்னு சொன்னீங்க. அடிச்சதுக்கு அப்புறம் எல்லாரும் நோய்னாங்க. சரி, நான்தான் பைத்தியம், எனக்குத்தான் எல்லாரும் மறைக்கிற மாதிரி தோணுதுன்னு நினைச்சுக்கிட்டேன்."

ஒரு வருஷமாக அவள் தேடிய காரணம் அவ்வளவு எளிதாக அவள் முன்னால் வந்து விழுந்தது. கண்ணாடி அறையை நோயாளிகளைக் கவனிக்கத்தான் கட்டினார்கள். கண்ணாடிக்கு இரண்டு பக்கம் உண்டு என்பது இங்கே படித்தவர், படிக்காதவர் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவளுக்கு நிம்மதியாக இருந்தது, வெட்கமாக இருந்தது, அதற்காகத் தாடையை உடைப்பதா என்று கோபமும் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆமா, போன வருஷமும் எனக்கு விஷயம் தெரியும். பொய்தான் சொன்னேன். தப்பு. ஆனா அதுக்காக என்னை அடிச்சது சரின்னு சொல்ல மாட்டேன்."

நாற்காலி கீழே இறங்கவில்லை. அவன் கேட்டான், "ஏன் வரலையாம்?"

குழந்தைக்குக் காய்ச்சலாம் என்ற பொய் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நல்ல பொய். யாருக்கும் வலிக்காத பொய். அவள் அதை விழுங்கினாள்.

"பயமா இருக்காம்."

"யாரைப் பார்த்து?"

"உங்களைப் பார்த்து."

நாற்காலி இன்னும் மேலே போனது. நடைபாதைத் திருப்பத்தில் செருப்பு உரசும் சத்தம் கேட்டது. நான் அவளை ஒரு நாளும் தொட்டதில்லை, ஒரு அடி அடித்ததில்லை என்று அவன் சொன்னான். இருக்கலாம், ஆனால் பயமாக இருக்கிறது என்றுதான் சொன்னார்கள் என்றாள் அவள். பிறகு, அந்த வார்டில் யாரும் எக்காலத்திலும் செய்யக் கூடாத ஒன்றைச் செய்தாள். பயத்தை வெளியே காட்டாதே என்பது அங்கே முதல் பாடம். அவளே எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

"எனக்கும் பயமா இருக்கு. இப்பவே இருக்கு. பாருங்க."

சாவி பிடித்த கையை நீட்டினாள். கை நடுங்க, சாவிகள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன.

அவன் அந்தக் கையையே பார்த்தான். நாலு ஆண்கள் மேலே விழுந்து அமுக்கும்போதெல்லாம் அவன் பார்த்தது கோபமான முகங்களைத்தான். பயம் எப்படி இருக்கும் என்று யாரும் அவனுக்குக் காட்டியதில்லை. அவன் பிடி தளர்ந்தது. நாற்காலியின் கால்கள் தரையில் முட்டி நின்றன.

"எவ்வளவு தூரம் போனா பயம் இருக்காது?"

இப்படி ஒரு கேள்வியை இந்த வேலையில் அவளிடம் யாரும் கேட்டதே இல்லை. இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்றாள். அவன் பின்னால் போனான். இப்போ, என்று கேட்டான். இருக்கு என்றாள். இன்னும் பின்னால் போனான். இருக்கு. மேஜையைச் சுற்றிக்கொண்டு ஜன்னல் பக்கச் சுவர் வரை போய், முதுகு முட்டும்படி நின்றான்.

"இப்போ?"

போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். ஆறுதலாக இருந்திருக்கும். "இருக்கு" என்றாள்.

சுவரோடு சரிந்து அவன் தரையில் உட்கார்ந்தான். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டு அண்ணாந்து பார்த்தான். அவன் கன்னத்தில் நீர் இறங்கிக்கொண்டிருந்தது. துடைக்கக் கையை எடுக்கவில்லை. கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று அவள் சொன்னாள். அது உண்மை. காலி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

டாக்டர் மூச்சிரைக்க வந்து வாசலில் நின்றபோது அறைக்குள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். அவள் கையைத் தூக்கி அவரை நிறுத்தினாள். ஏற்றி வைத்த ஊசி மருந்து குப்பைக்குப் போனது. யாருக்கும் அடி படவில்லை, அதனால் யாரையும் எங்கேயும் அனுப்ப வேண்டியதில்லை என்றார் டாக்டர். பயில்வான் திருப்பத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். என்ன என்று கேட்டால், கண்ணில் தூசி என்றான்.

மாத்திரைக்குப் பிறகு என்ற அந்தச் சட்டத்தை மறுநாளே அவள் எடுத்துவிட்டாள். சுலபமாக இருக்கவில்லை. சேதியை வந்தவுடனே பச்சையாகச் சொன்னால் வார்டு ரணகளம் ஆகிவிடும் என்று பயில்வான் பயந்தான். அவன் பயந்ததிலும் நியாயம் உண்டு. வேலை போன சேதியை உடனே கேட்ட ஒருவர் சாப்பாட்டுத் தட்டைச் சுவரில் அடித்தார், குழம்பைத் துடைக்க அரை மணி ஆயிற்று. ஆனால் அடி விழுந்தது சுவருக்குத்தான். வீட்டிலும், அந்தச் சம்பவம் நடந்த ராத்திரியே, கணவர் தட்டின் முன்னால் உட்கார்ந்தபோதே நடந்ததைச் சொன்னாள். ஒரு வருஷமாகப் பயத்தோடுதான் வேலைக்குப் போகிறேன் என்பதையும் சொன்னாள். அவருக்குச் சோறு இறங்கவில்லை. அப்படியானால் கண் பிரிவுக்குப் போய்விடு என்று கெஞ்சினார். மாட்டேன், ஆனால் இனிமேல் பயமாக இருக்கிற அன்றைக்கெல்லாம் சொல்லிவிட்டுப் போகிறேன் என்றாள். அழகான சமாதானம்தான் போ, என்றாள் மாமியார்.

லிஃப்ட்காரனின் மனைவி வருவதற்குச் சில வாரங்கள் ஆயின. வருகிறாள் என்று தெரிந்ததும் அவன் பயில்வானிடம் கேட்டு, அவளுக்கான நாற்காலியைக் கதவுக்குப் பக்கத்தில் போடச் சொன்னான். தான் ஜன்னல் பக்கச் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்து, கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். அவள் வாசலில் வந்து நின்றாள். மெலிந்திருந்தாள். கைப்பையை மார்போடு அணைத்திருந்தாள்.

"இவ்வளவு தூரத்துல பயமா இருக்கா?" என்று கேட்டான்.

அவள் நாற்காலியையும் அவன் உட்கார்ந்திருந்த இடத்தையும் பார்த்தாள். பிறகு, இருக்கு என்றாள். சொல்லிவிட்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அறையின் பாதியில் போட்டு உட்கார்ந்தாள். பாதி தூரம்தான். அதற்கு மேல் அன்றைக்கு அவள் வரவில்லை, அவனும் கேட்கவில்லை. பெண் என்ன படிக்கிறாள், விழுந்த பல் முளைத்துவிட்டதா, ராத்திரி தூங்குகிறாளா என்று பேசினார்கள்.

நேரம் முடிந்து மனைவி போன பிறகும் அவன் எழுந்திருக்கவில்லை. நிதானக்கா உள்ளே போனாள். அவன் கைகளை வெளியே எடுத்தான். இரண்டும் வெளுத்து மரத்துப்போயிருந்தன, விரலை மடக்க வரவில்லை. அவள் தரையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, தன் தாடையை உடைத்த வலது கையை எடுத்து மடியில் வைத்துத் தேய்த்துவிட ஆரம்பித்தாள். அவளுடைய விரல்கள் நடுங்குவதை அவன் குனிந்து பார்த்தான். அவன் கேட்பதற்கு முன்னாலேயே, இன்னும் இருக்கு என்றாள். ரத்தம் ஓடி அந்தக் கை சூடாகும் வரை தேய்த்துக்கொண்டே இருந்தாள்.